வாய்க்காலில் இறங்கிய நெருப்பு

"டீச்சர், எங்கட வளவுக்குப் பின்னால நிலம் பத்துது. இண்டையோட நாலு நாள்."

மாவடிப்பள்ளியிலிருந்து வந்திருந்தாள் றுக்ஸானா. நிந்தவூரில் மாடு காணாமற் போனாலும் நகை களவு போனாலும் ஆட்கள் தேடி வருவது ஓய்வுபெற்ற இரசாயன ஆசிரியை றபீக்காவைத்தான்.

"முதல்ல கண்டது யாரு?" என்று அவர் கேட்டார்.

"எங்கட மிஹ்லார் காக்கா. பக்கத்து வளவுதான்."

அவளுடைய அண்ணன் மிஹ்லார் போன வருடம் அசர்பைஜானுக்குச் சுற்றுலா போனவன். அங்கே பழைய நெருப்புக் கோயிலையும், மண்ணுக்குள்ளிருந்து வரும் வாயுவால் ஓயாமல் எரியும் மலைச்சரிவையும் பார்த்து வந்திருந்தான். வீடியோவைக் காட்டி, "அதே சாமான்தான் இது. ஊட்டுக்குக் கீழயும் காஸ் இரிக்கும். புள்ளயத் தூக்கிக்கிட்டு வெளிக்கிடு" என்று தினமும் சொன்னான்.

புருஷன் கட்டாரில். கைக்குழந்தை அப்னாவோடு றுக்ஸானா மூன்று இரவாகத் தூங்கவில்லை. கால் வைத்தால் சிமெந்துத் தரையும் சுடுவது போலிருந்தது.

டீச்சருக்கு எப்போதும் ஓட்டோ ஓட்டுபவன் ஹாதிக். துப்புத் துலக்குவதில் அவரைவிட அவனுக்கே அவசரம். மாவடிப்பள்ளியில் இறங்கியதும் வளவுக்குப் பின்னாலுள்ள வயல் வரம்புக்கு ஓடினான். அவர்களைக் கண்ட மிஹ்லார் வரம்போரத்தில் இருந்த தன் கொட்டிலின் பக்கமிருந்து விரைந்து வந்தான்.

"இண்டைக்கி இன்னம் பத்தல்ல. கிட்டப் போகாதீங்க, டீச்சர்."

டீச்சர் குனிந்து பார்த்தார். வரம்பிலிருந்து றுக்ஸானாவின் குசினிவரை சரிந்து வரும் வறண்ட வாய்க்காலில் புல் முழங்கால் உயரத்துக்குக் கருகிக் கிடந்தது. அதற்குச் சற்று மேலே தொங்கிய நாவல் கிளையில் ஓர் இலைகூட வாடவில்லை.

"இது உங்கட உம்மாட ஊடுதானே?"

"ஓம். எனக்குச் சீதனமாத் தந்த" என்றாள் றுக்ஸானா. மிஹ்லார் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அவள் தேநீர் போடக் குசினிக்குப் போனாள். பக்கத்து அறையில் அப்னா தூங்கினாள். விறகடுப்பின் முன் குந்தியபோது, அவள் வீட்டில் இல்லாத ஒரு மணம் தரையோடு வந்தது. வெளியே ஹாதிக்கின் குரல் கேட்டது.

"டீச்சர், இந்தக் கொட்டிலுக்க ஒரு சாக்கு நனஞ்சி கிடக்கு! மழ பெஞ்சி மூணு மாசமே!"

அவள் தீக்குச்சியை எடுத்தாள்.

"றுக்ஸானா! உரசாத! புள்ளயத் தூக்கிக்கிட்டு வெளிய ஓடி வா!"

டீச்சர் இப்படிக் கத்தி யாரும் கேட்டதில்லை. குச்சி கைதவறி விழுந்தது. அப்னாவை வாரியெடுத்து றுக்ஸானா முற்றத்துக்கு ஓடினாள். ஹாதிக் கொட்டிலுக்குள் பாய்ந்து எதையோ திருகி மூடினான்.

சற்று ஆறியபின் டீச்சர் சொன்னார்:

"மண்ணுக்குள்ளால வாற வாயு காத்த விட லேசு, மேல போயிரும். அது எரிஞ்சா நாவல் இலதான் முதல்ல கருகும். இங்க கீழ உள்ள புல்லுத்தான் கருகியிரிக்கி. சமையல் காஸ் பாரம், பள்ளம் பாத்து ஓடும். காஸ் வேகமா வெளியேறினா சிலிண்டர் குளுந்து வேர்க்கும். அந்த வேர்வையிலதான் மேல மூடின சாக்கு நனஞ்ச. அப்பதான் சிலிண்டர் டெப் திறந்து கிடக்கெண்டு விளங்கிச்சி."

ஹாதிக் வரம்பு மண்ணைக் கிளறினான். கொட்டிலிலிருந்து வந்த கறுத்த குழாயொன்று வெளிப்பட்டது. டீச்சர் மிஹ்லார் பக்கம் திரும்பினார்.

"பத்த வைக்கிறத்துக்குள்ள எங்கட ஓட்டோ வந்திட்டு. மூடப் போனா பிடிபடுவாரெண்டுதான் இவர் வாய் திறக்கல்ல. நாங்க வந்த நேரம் தொட்டு காஸ் குசினிக்க இறங்கியிரிக்கி."

மிஹ்லார் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். "நீ ஊட்ட விட்டுப் போகணுமெண்டு பயங்காட்டத்தான் செஞ்ச, தங்கச்சி. அல்லாஹ்வுக்காக நம்பு. குசினிக்கு வருமெண்டு எனக்குத் தெரியா."

றுக்ஸானா பிள்ளையை இறுக்கிக்கொண்டாள். அவளுக்கு அழுகை வரவில்லை.

"டெப் திறந்திரிக்கெண்டு தெரியும்தானே, காக்கா? நான் அடுப்பு மூட்டப் போகக்குள்ள பாத்துக்கிட்டுத்தானே நிண்டீங்க?"