புறங்கை

எட்டு மாதக் குழந்தையை அவன் அம்மா என் கையில் கொடுத்தபோது மணி காலை எட்டு. ஒரு பால் புட்டி, இரண்டு மாற்றுத்துணி, காது பிய்ந்த பொம்மை யானை. "புது இடம், கொஞ்சம் அழுவான்ணா," என்றாள்.

மூன்றாம் நாளே அவனுக்கு 'சைரன்' என்று பேர் வைத்துவிட்டேன்.

ஆஸ்பத்திரி வார்டில் ராத்திரி வேலையைப் பாதியில் விட்டுவிட்டு அக்கா வீட்டில் ஒண்டியிருந்தேன். அவள் தன் வாடகை வீட்டிலேயே வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறாள். சைரனோடு ஐந்து பேர். அதில் ஒன்று அவள் மகள் பட்டு, இரண்டு வயது. மதியம் ஒரு மணிக்கு எல்லாரையும் உள்ளறையில் தூங்க வைக்க வேண்டும். கால் மணிக்கு ஒருமுறை ஒவ்வொரு மூக்கின் கீழும் புறங்கையை வைத்து மூச்சுப் பார்க்க வேண்டும். கதவின் உட்பக்கம் ஒட்டிய தாளில், கயிற்றில் தொங்கும் பேனாவால் டிக் அடிக்க வேண்டும்.

வார்டிலும் இதேதான். அங்கே சிலருக்கு டிக் அடிக்க முடியாமல் போகும்.

சைரன் காலையெல்லாம் சமர்த்து. மதியம் படுக்கப் போட்டதும் ஊரைக் கூட்டுவான். பசியும் இல்லை, ஈரமும் இல்லை. அலமாரிக்குப் பக்கத்து மூலையைப் பார்த்தபடி முகம் கறுக்கக் கத்துவான். மற்ற நாலும் எழுந்து கச்சேரியில் சேர்ந்துகொள்ளும்.

ஆறு வாரம் இப்படி.

"முடியலடா," என்றாள் அக்கா. "ரெண்டு வீட்டுல பிள்ளைய நிறுத்திடுவோம்னு சொல்லிட்டாங்க. அவங்க போனா நானும் பட்டுவும் நடுத்தெருதான்."

"அப்ப சைரன அனுப்பிடு."

"பாவம்டா."

"பாவம் பார்த்தா உன் காது போயிடும்க்கா."

அவன் அம்மா வாசலில் நின்று ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "வீட்டுல அழவே மாட்டானேக்கா. இங்க மட்டும் ஏன்?"

அக்கா பட்டுவைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். பையை நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

மறுநாள் மதியம் அறை அடங்கிவிட்டது. நாலும் ஒரே பக்கமாக, மூலையைப் பார்த்து, புரளாமல் தூங்கின. காயாத துணியை மூட்டைகட்டி வைத்தது போல ஒரு வாடை.

ஐந்தாம் நாள், குழந்தைகள் தூங்கியதும் அக்கா சொன்னாள். "பரவாயில்லையே சோம்பேறி, டான்னு போய் டிக் அடிச்சிடறே. நான் போறப்பல்லாம் அடிச்சிருக்கு."

"நானா? நான் போறப்பவும் அடிச்சிருக்கு. நீதான்னு நினைச்சுத் திரும்பிடுவேன்."

அவள் சிரிப்பு பாதியில் நின்றது. "ராத்திரி வேலை பாத்த மூளைடா உனக்கு. அடிச்சுட்டு மறந்திருப்பே."

கதவைச் சாத்தி அதன் முன்னால் இருவரும் உட்கார்ந்தோம். அறைக்கு வேறு கதவு கிடையாது. ஜன்னலுக்குக் கம்பி.

ஒன்றரை மணி.

கதவுக்கு அந்தப் பக்கம் பேனா உரசியது.

அக்கா கதவைத் தள்ளினாள். யாரும் இல்லை. மூன்று கட்டங்களில் டிக். பட்டுவின் கட்டத்தில் பாதிக் கோடு.

பேனாக் கயிறு ஆடிக்கொண்டிருந்தது.

பட்டுவை அள்ளி எடுத்தாள். உடம்பு சில்லென்றிருந்தது. நான் புறங்கையை வைத்தேன். ஒன்றும் இல்லை. எண்ணினேன்.

ஏழில் மூச்சு வந்தது.

அன்று மாலையே சைரனின் அம்மாவுக்குப் போன் செய்தோம். அழுகிறான் என்று துரத்தியவனை, காவலுக்கு நாய் கேட்பது போலத் திரும்பக் கேட்டோம். எனக்கு வெட்கமாக இல்லை. அவளுக்கும் வேறு இடம் கிடைத்திருக்கவில்லை. உள்ளறையைப் பூட்டி, கூடத்தில் பாய் விரித்தோம்.

காலை எட்டு மணிக்கு அம்மாவின் தோளில் சிரித்தபடி வந்தான். பாயில் உட்கார வைத்தேன். பூட்டிய கதவைப் பார்த்தான். பேசாமல் யானையின் காதைச் சப்பினான்.

"போயிடுச்சுடா," அக்கா கிசுகிசுத்தாள். அவள் கண் நிறைந்திருந்தது.

அப்போது பட்டு சமையலறையிலிருந்து நடந்து வந்தாள்.

சைரன் அலறினான்.

பட்டு அவன் பக்கத்தில் குந்தினாள். அவசரமில்லாமல், பழகிய கையைப் போல, அவன் மூக்கின் கீழ் புறங்கையை வைத்தாள்.

அலறல் நின்றது.

அவள் எழுந்து, அடுத்த குழந்தையை நோக்கி நடந்தாள்.