பகலவன் கொடுத்த ரத்தம்

காலர் பட்டன் மாட்டவில்லை. போன திங்கட்கிழமை மாட்டியது. இரண்டாம் ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த ராஜசேகர் கண்ணாடி முன் நின்று கழுத்தைத் தடவினான். இடது தாடைக்குக் கீழே நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி. ஜன்னல் வழியே ஒரகடம் ரோட்டு லாரிகளின் இரைச்சலும் புழுதியும் வந்துகொண்டிருந்தன. எத்தனை துவைத்தும் போகாத ஆயில் வாடை யூனிபார்மில் அடித்தது. அதையெல்லாம் மீறி, காதுக்குள் பிரஸ் மெஷின் மாதிரி ஏதோ ஒன்று விடாமல் இடித்துக்கொண்டிருந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன்பே பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் சொல்லியிருந்தார். "ரத்தப் புற்றுநோய்தான், ஆனா மெதுவா வளர்ற வகை. இப்ப மருந்துகூட வேணாம். செல்லுக்குள்ள ஜீன் மாறிச்சுன்னா வேகம் எடுத்துடும். மூணு மாசத்துக்கு ஒருதரம் வந்து காட்டுங்க."

பிரஸ் மெஷின் அச்சில் ஒரு கீறல் விழுந்துவிட்டால் அப்புறம் வரும் ஒவ்வொரு பீஸிலும் அதே கீறல்தான் என்று ராஜசேகருக்கா தெரியாது? ஆனாலும் போகவில்லை. மனைவி மஞ்சுளாவிடமும் மூச்சு விடவில்லை. போன மாதம் வேலை பர்மனென்ட் ஆவதற்கான மெடிக்கல் டெஸ்ட்டில், கம்பெனி லைனில் பக்கத்து மெஷினில் நிற்கும் பகலவனைத் தன் பெயரில் ரத்தம் கொடுக்க வைத்தான். ரிப்போர்ட் நார்மல். மஞ்சுளா தெரு முழுக்க ஜாங்கிரி கொடுத்தாள். அதை வாயில் போட்டபோது அவனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

வேலைக்குப் போகவில்லை. சாயங்காலம் காய்ச்சல் கொதித்தது. படப்பை கிளினிக்கில் மஞ்சுளா முந்திக்கொண்டு அந்த ரிப்போர்ட்டைச் செல்போனில் எடுத்து நீட்டினாள்.

"போன மாசம்தான் கம்பெனில எல்லா டெஸ்ட்டும் எடுத்தாங்க டாக்டர். ஒண்ணும் இல்லன்னுட்டாங்க."

டாக்டர் கழுத்தைத் தொட்டார். ரிப்போர்ட்டை இன்னொரு தடவை பார்த்தார். "ரத்தம் நல்லாத்தான் இருக்கு. வைரல் காய்ச்சல். அதான் நெறி கட்டியிருக்கு."

சொல்லிவிடலாம். ஒரே வாக்கியம். மஞ்சுளாவின் முகத்தைப் பார்த்தான். அதில் அவ்வளவு பெருமை. தலையைக் குனிந்துகொண்டான்.

வீட்டில் படுத்தான். அக்குளில் ஒன்று. தொடை இடுக்கில் ஒன்று. கையை எடுத்துவிட்டு மறுபடி தொட்டான். பெரிதாகியிருந்தது. காதுக்குள் இடி வேகமெடுத்தது.

"மஞ்சு..."

"இன்னாங்க, தண்ணி வேணுமா?"

"அந்த ரத்தம் என்..."

காற்றுதான் வந்தது. இந்தத் தடவை வெட்கம் இல்லை. சொல்லத்தான் வாயெடுத்தான். கட்டி உள்ளேயிருந்து நெரித்தது.

மஞ்சுளா பக்கத்தில் உட்கார்ந்து அவன் கழுத்தில் கையை வைத்துக்கொண்டு, போனில் தன் அம்மாவிடம் பேசினாள். "ஒண்ணுமில்லம்மா. ரத்தம்லாம் சுத்தமா கீதாம். காலைல எழுந்துடுவாரு."

உள்ளங்கைக்கு அடியில் கட்டி எழும்பியது. அவள் விரல்கள் ஒவ்வொன்றாக விலகின. அவன் வாயைத் திறந்து திறந்து மூடினான். அவள் பேசிக்கொண்டே, விரல்களை இன்னும் கொஞ்சம் அகலமாக வைத்துக்கொண்டாள்.