பட்டியலில் நான்காவது பெயர்

மூன்று பெயர்கள்தான் இருக்க வேண்டும். பிரமிளாவின் மடிக்கணினி, அவளுடைய கைப்பேசி, கூடத்துத் தொலைக்காட்சி. மதியம் இரண்டு மணிக்கு ரூட்டரின் பக்கத்தைத் திறந்து, வீட்டு வைஃபையில் சேர்ந்திருக்கும் கருவிகளின் பட்டியலைப் பார்த்தபோது நான்கு இருந்தன. நான்காவது பெயர், அப்பா பெல்.

காலையிலிருந்தே லைன் இழுத்துக்கொண்டிருந்தது. ரூட்டர் மாட்டிய சுவரோரம், சமையலறை மேசையில் உட்கார்ந்து, கோலாலம்பூர் கம்பெனி ஒன்றின் ஆட்களுக்குக் கணினி மக்கர் செய்தால் சரிசெய்து கொடுப்பதுதான் அவளுக்கு வேலை. தன் வீட்டு லைனே சரியில்லை என்று யாரிடமும் சொல்ல முடியாது. எங்கே கோளாறு என்று தேடப் போய்த்தான் இந்தப் பட்டியலுக்கு வந்தாள்.

அப்பா பெல் கூடத்தில் இருந்தது. அண்ணன் பத்துமலையின் படத்துக்கு முன்னால், கழுத்தில் மாட்டும் நீலக் கயிறோடு, ஐம்பது சென் காசு அளவு வெள்ளைப் பொத்தான்; அண்ணன் படுக்கையிலிருந்து அதை அமுக்கினால் வைஃபை வழியாகப் பிரமிளாவின் கைப்பேசியில் மணி அடிக்கும். எட்டாம் நாள் படையலில் ஸ்டவுட் பீர் போத்தலுக்கும் முறுக்குத் தட்டுக்கும் நடுவே அதைக் கொண்டுவந்து வைத்தது அண்ணன் மகள் தினேஸ்வரி. "அப்பா கையில கடசியா இருந்தது இதுதானே அத்தே" என்று சொல்லி வைத்தாள். அதனுள்ளே பேட்டரி இல்லை. காடாற்றி வந்த அன்றைக்கே பிரமிளா கழற்றிவிட்டாள். இழுப்பறையைத் திறந்து பார்த்தாள். ரப்பர் பேண்டுகளோடு பேட்டரி கிடந்தது.

பழைய பதிவு, வேறொன்றுமில்லை. புது மென்பொருள் ஏற்றிய பிறகு இப்படி ஒன்றிரண்டு ஒட்டிக்கொண்டு நிற்பது வழக்கம்தான். பெயரை அழித்தாள். ரூட்டரை நிறுத்திப் போட்டாள். விளக்கு சிவந்து, சிமிட்டி, பச்சைக்கு வந்தது. மடிக்கணினி வந்தது. கைப்பேசி வந்தது. தொலைக்காட்சி வந்தது.

கொஞ்சம் தாமதித்து, நான்காவதும் வந்தது.

பெயருக்குப் பக்கத்தில் எழுபத்தெட்டு என்று இருந்தது. சிக்னல் அளவு. எண் சிறுத்தால் கருவி கிட்ட வந்திருக்கிறது என்று அர்த்தம். அந்த எழுபத்தெட்டை அவளுக்குத் தெரியும். தினேஸ்வரி பெல்லை வாங்கி வந்த நாளில், எங்கெங்கே எடுக்கிறது என்று பிரமிளாவே வீடு முழுக்க நடந்து அளந்து, ஒரு துண்டுத் தாளில் எழுதிக் குளிர்பெட்டியின் கதவில் ஒட்டியிருந்தாள். கட்டில் 78. நடை 61. குளிர்பெட்டி 48. மேசை 40.

கூடத்துப் படத்தடி அந்தத் தாளில் இல்லை. எழுபத்தெட்டு என்றால் பின்னறை. கட்டில்.

கட்டில்தான் இல்லையே. பக்கத்து வீட்டு விமலா அக்காவின் கணவர் வந்து அதைக் கழற்றி, முதியோர் இல்லத்துக்கு லாரியில் ஏற்றிவிட்டார். நடையின் முடிவில் பின்னறைக் கதவு சாத்தியே கிடந்தது. கிளேடாங் மலைப் பக்கம் வானம் கறுத்து, மழைக்கு முந்தைய புழுக்கம் தகரக் கூரையிலிருந்து இறங்கி, வீட்டுக்குள் இருந்த வாசனைகளையெல்லாம் கிளப்பிவிட்டது: வாடிய சாமந்தி, ஊதுபத்திச் சாம்பல், இவற்றுக்கும் அடியில், தினமும் குளிப்பாட்டித் துடைத்த பிறகு அண்ணனின் கழுத்திலும் அக்குளிலும் அவள் தட்டிவிட்ட முகப் பவுடரின் வாசனை. டப்பாவைக்கூடத் தூக்கிப் போட்டாகிவிட்டது.

பதினைந்து நாளுக்கு முன், அண்ணன் போன அந்தச் செவ்வாய்க்கிழமைதான் அவள் ரூட்டருக்குப் புதுப் பதிப்பு ஏற்றினாள். கம்பெனிக்காரன் கொடுத்த மென்பொருளை அவள் என்றைக்கோ தூக்கிவிட்டிருந்தாள். எங்கெங்கோ இருக்கிறவர்கள் எழுதி எல்லாருக்கும் திறந்து விட்டிருக்கும் இலவச மென்பொருள்தான் அவள் ரூட்டரில் ஓடியது. இந்த முறை குறிப்பிலேயே போட்டிருந்தது, பழைய அமைப்புகளை வைத்துக்கொண்டு ஏற்றாதே, எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போடு என்று. அப்படியே செய்தாள். புதுக் கடவுச்சொல் போட்டாள். மடிக்கணினி, கைப்பேசி, தொலைக்காட்சி மூன்றையும் மறுபடி சேர்த்தாள்.

பெல் பாக்கி. அதைச் சேர்க்க வேண்டுமென்றால் அண்ணன் கழுத்திலிருந்து கழற்றி, பின்னாலுள்ள துளையில் ஊசி குத்திப் பிடித்து, கால் மணி நேரம் மல்லுக்கட்ட வேண்டும்.

மறந்து போனாள் என்று யாராவது சொன்னால் அது பொய். அவளுக்கு நினைவிருந்தது.

வாதம் வந்து வலப்பக்கம் விழுந்துபோன அண்ணனுக்கு இடது கட்டைவிரல்தான் ராஜா. அன்று காலையில் மட்டும் பதினோரு தடவை அடித்திருந்தார். காற்றாடியைக் கூட்டு. காற்றாடியைக் குறை. மணி என்ன. தினேஸ்வரி போன் பண்ணினாளா.

"பெல்லு அடிச்சா நர்சம்மா சிரிச்சிக்கிட்டு வரணும்" என்றார் பதினோராவது தடவை, கோணிய வாயால். "நீ என்னா, தண்டல் வசூலுக்கு வர்ற மாதிரி வர்ற."

"எனக்கு வேல இருக்குண்ணே. சும்மா சும்மா அமுக்காதீங்க லா."

"வேற எத அமுக்கச் சொல்ற? இது ஒன்னுதான் என் பேச்ச கேக்குது."

சிரித்துக்கொண்டேதான் வெளியே வந்தாள். வந்து ரூட்டருக்குப் புதுப் பதிப்பை ஏற்றினாள். மூன்றைச் சேர்த்தாள். பிறகு பெல்லை நினைத்தாள். இன்றைக்கு ஒரு நாள், ஒரே ஒரு மத்தியானம், என்று நினைத்தாள். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். மழை பிடித்துக்கொண்டது.

நாலு மணிக்குத் தேத்தண்ணியோடு போனாள். கட்டைவிரல் பொத்தானின் மேலேயே இருந்தது. உதடு காய்ந்து, மேலுதடு பல்லில் ஒட்டிக் கிடந்தது.

ஓடி வந்து ரூட்டரின் பதிவைத் திறந்தாள். அப்பா பெல், கடவுச்சொல் தவறு, மறுக்கப்பட்டது. அப்பா பெல், மறுக்கப்பட்டது. இரண்டு பத்துக்கு ஆரம்பித்து, மூன்று ஐம்பத்திரண்டு வரைக்கும், பக்கம் பக்கமாக. கடைசியில் அடிப்புக்கு அடிப்பு இடைவெளி கூடிக்கொண்டே போயிருந்தது.

பிளக்கைப் பிடுங்கினாள். பதிவெல்லாம் போயிற்று. பிறகுதான் பெல்லைக் கழற்றிச் சேர்த்தாள், பிறகுதான் விமலா அக்காவைக் கூப்பிட்டாள்.

உள்ளே வந்ததும் விமலா அக்கா கேட்ட முதல் கேள்வி, "பால் ஊத்துனியா?" என்பது. உயிர் போகிற வாயில் சொந்தக்காரர் கையால் பால் விடாமல் அனுப்பினார்கள் என்ற பேச்சு, ஆயர் தாவார் பக்கத்து எஸ்டேட்டில் பிறந்தவர்களுக்குச் சாகும்வரை போகாத பேச்சு.

"ஊத்துனேங்கா" என்றாள் பிரமிளா. "பெல்லு அடிச்சாரு, ஓடுனேன். ரெண்டு கரண்டி குடிச்சாரு. என்னையவே பாத்துக்கிட்டிருந்தாரு."

தினேஸ்வரி இரவு ஜோகூரிலிருந்து வந்து சேர்ந்தபோது அந்த வார்த்தையைத்தான் கட்டிக்கொண்டு அழுதாள். எல்லாரிடமும் சொன்னாள். அதை வைத்துத்தான் அந்தப் பெண் இந்தப் பதினைந்து நாளும் நிமிர்ந்து நின்றாள். நாளைக்குக் கருமாதி. இன்று மாலை வருகிறாள்.

மழை இறங்கியது. கைப்பேசி அடித்ததும் பிரமிளாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அத்தே, தஞ்சோங் மாலிம் தாண்டிட்டோம். பஸ்ல ஏர்கான் ஒரே குளிரு லா. நீங்க சாப்ட்டீங்களா?"

"சாப்ட்டேன்டி. நீ மெதுவா வா."

"அத்தே..." இரைச்சலுக்கு நடுவே அவள் குரல் சிறுத்தது. "அன்னிக்கு அப்பா எத்தன தடவ அடிச்சாரு?"

திரையில் எழுபத்தெட்டு நின்றிருந்தது.

"ஒரே தடவதான்" என்றாள் பிரமிளா. "ஒடனே போய்ட்டேன்."

எழுபத்தெட்டு, அறுபத்தொன்று ஆனது.

நடை. போனை வைத்துவிட்டு நடையைப் பார்த்தாள். சாத்தியிருந்த கதவு சாத்தியே இருந்தது. நடையின் சிமெண்டுத் தரை மழை வெளிச்சத்தில் ஈயம் போல மினுங்கியது. ஒன்றுமில்லை. பவுடர் வாசனை மட்டும், யாரோ இப்போதுதான் டப்பாவைத் தட்டினாற்போல, ஒரு படலமாக வந்து மூக்கில் உட்கார்ந்தது.

அவளுக்குத் தெரிந்த வேலை ஒன்றுதான். கோளாறைத் தேடு, ஒன்றொன்றாகக் கழி. பெல்லுக்குத் தடை போட்டாள். அசையவில்லை. மடிக்கணினியைக் கம்பி வழியாக ரூட்டரில் செருகிக்கொண்டு, வைஃபையின் கடவுச்சொல்லையே மாற்றினாள். கைப்பேசி பட்டியலிலிருந்து விழுந்தது. தொலைக்காட்சி விழுந்தது. பட்டியல் காலியாகும் என்று காத்திருந்தாள்.

எல்லாம் போய், அது ஒன்று மட்டும் நின்றது. அப்பா பெல். நாற்பத்தெட்டு.

குளிர்பெட்டி அவள் முதுகுக்குப் பின்னால் இருந்தது. அதன் மோட்டார் உறுமி, நின்றது. நின்ற இடத்தில் இன்னொரு சத்தம் கேட்டது. காய்ந்த நாக்கு மேலண்ணத்திலிருந்து பிரிகிற சத்தம்.

திரும்பவில்லை. ரூட்டரின் பிளக்கைப் பிடுங்கினாள்.

விளக்கு அணைந்தது. மழை மட்டும்.

டிங்-டோங்.

மேசையில் கிடந்த கைப்பேசி. எந்த வைஃபையும் இல்லாத கைப்பேசி. அந்த மணியோசை, பெல்லுக்கென்று தினேஸ்வரி தேடிப் போட்டுக் கொடுத்த ஓசை. டிங்-டோங். கைப்பேசியை அணைத்தாள். திரை கறுத்தது. கறுத்த திரைக்குள்ளிருந்து மறுபடியும். டிங்-டோங்.

எங்கே இருக்கிறது என்று பார்க்க ஒரே வழிதான் இருந்தது. தன் கையாலேயே பிளக்கைத் திரும்பச் செருகினாள். சிவப்பு. சிமிட்டல். பச்சை.

நாற்பது. மேசை.

எதிர் நாற்காலி காலியாக இருந்தது. அதன் முன்னால் மேசைவிரிப்பு மட்டும் லேசாக அமுங்கியிருந்தது, யாரோ கையை ஊன்றியிருப்பதுபோல.

"அண்ணே" என்றாள். "மறந்துட்டேண்ணே. சத்தியமா மறந்துட்டேன்."

இருபது.

அவரிடமும் பொய். இறந்த பிறகும் அவரிடமே.

"மறக்கல" என்று சொல்ல வாயெடுத்தாள். வாசலில் டாக்சி வந்து நின்றது. மணி ஆறரை ஆகியிருந்தது. இருந்த இடத்தில் நாலு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறாள்.

தினேஸ்வரி நனைந்த பையோடு உள்ளே வந்தாள். செருப்பை உதறி, அப்பா படத்தைப் பார்த்து ஒரு நிமிடம் நின்று, நேரே சமையலறைக்கு வந்து அத்தையைக் கட்டிக்கொண்டாள். "என்னா அத்தே, வெளக்குகூட போடாம." சுவிட்சைத் தட்டினாள். ஜாடியிலிருந்து தண்ணீர் ஊற்றிக் குடித்தாள். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள், அந்த எதிர் நாற்காலியில்தான், ஒன்றும் ஆகவில்லை.

அங்கே இப்போது யாரும் இல்லை.

திரையில் ஒன்பது என்று இருந்தது. ரூட்டரோடு ஒட்ட வைத்து அமுக்கியபோதுகூட அவள் இருபதுக்குக் கீழே பார்த்ததில்லை.

"அத்தே, கழுத்துல என்னா?" தினேஸ்வரி எழுந்து வந்து பிரமிளாவின் கொண்டைக்குக் கீழே விரலால் துடைத்தாள். விரலைப் பார்த்தாள். "பவுடரா? நல்லா அப்பியிருக்கீங்க."

பிரமிளா திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"அப்பா வாசன அடிக்குது" என்றாள் தினேஸ்வரி. கண் நிறைந்தது. அத்தையின் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "பஸ்ல அதே நெனப்புதான். பக்கத்துல நீங்க இருந்தீங்க, பால் குடிச்சிட்டுத்தான் போனாரு. அது ஒன்னு இல்லன்னா எனக்குப் பைத்தியம் புடிச்சிருக்கும். இன்னொரு தடவ சொல்லுங்கத்தே. மொதல்லேர்ந்து."

உண்மை இரண்டே வார்த்தை. நான் போகல. அந்தப் பெண்ணின் முகம் மழைத்தண்ணீரோடு அவளையே பார்த்துக்கொண்டிருந்தது, வாய் லேசாகத் திறந்து, குடிக்கக் காத்திருப்பதுபோல.

"பெல்லு அடிச்சாரு" என்று ஆரம்பித்தாள் பிரமிளா.

அணைத்து வைத்த கைப்பேசி, டிங்-டோங் என்றது. தினேஸ்வரிக்குக் கேட்கவில்லை.

"ஒடனே ஓடுனேன்."

கழுத்தின் பின்னால், கட்டைவிரல் அளவுக்கு, தோல் உள்ளே அமுங்கியது. விட்டது.

"பால வெதுவெதுன்னு ஆத்தி..."

அமுங்கியது. விட்டது.

"மொத கரண்டி..."

டிங்-டோங். அமுங்கியது. குளிர்ந்த விரல். எலும்புவரைக்கும். விட்டது.

"அப்பறம் அத்தே?"

அமுங்கியது. இந்தத் தடவை விடவில்லை.