பின்னால் ஓடிய முப்பது குதிரைகள்

தாம்சினின் முப்பது குதிரைகளுக்கும் ஒரு பக்கம்தான் அழகு.

வெளிப்பக்கம் பார்த்தால் தங்க நிறச் சேணம், சிவப்புக் கடிவாளம், கழுத்தில் சின்னச் சின்ன ரோஜாப்பூ. உள்பக்கம் பார்த்தால் வெறும் மரக்கட்டை. "சுத்தி நின்னு பார்க்கிறவங்களுக்கு வெளிப்பக்கம்தானே தெரியும்? உள்ள யாரு எட்டிப் பார்க்கப் போறா?" என்பது அவளுடைய கட்சி. இரண்டு குளிர்காலம் உட்கார்ந்து முப்பது குதிரை செதுக்கியவளிடம் வாதாட யாருக்குத் துணிச்சல் வரும்?

அவற்றை வரிசைக்கு மூன்றாக நிறுத்தி, மேலே கோடு போட்ட குடையும் கட்டிவிட்டாள். ஃபிராங்கம் குடும்பத்தின் பெரிய குடை ராட்டினத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு அளவு. ஒரு பூனை தாராளமாகப் படுத்துச் சுற்றலாம். ஒரு தடவை கையால் சுழற்றியபோது சுற்றியும் இருக்கிறது.

அதை ஓட்டும் நீராவி எஞ்சினைச் செய்தவன் எமெட். தாம்சினின் வகுப்புத்தான். அமெரிக்காவில் ஓஹையோவிலிருந்து இரண்டு வருடத்துக்கு முன்பு இங்கிலாந்தின் கார்ன்வாலுக்குக் குடிவந்தவன். அவனுடைய அம்மாவின் பட்டறையில், அம்மாவை மேற்பார்வைக்கு வைத்துக்கொண்டு, ஒவ்வொரு திருகாகப் பார்த்துப் பார்த்துச் செய்தான். கொதிகலனைச் சோதித்துப் பார்க்கும் அதிகாரி, "பற்ற வைக்கலாம்" என்று சீட்டு எழுதிக் கொடுத்ததே இன்று காலையில்தான். அதனால் எஞ்சினும் குதிரைகளும் முதன்முதலாக ஒன்று சேர்ந்தது இங்கே, நீராவித் திருவிழா மைதானத்தில், ஒரு மர மேசையின் மேல்.

மைதானம் முழுவதும் புகையும் விசில் சத்தமுமாக இருந்தது. நடுவில் பெரிய குடை ராட்டினம் வாயை மூடிக்கொண்டு காத்திருந்தது. சரியாக மூன்று மணிக்கு அது கிளம்பும். ஒவ்வொரு வருடமும் முதல் சுற்றுக்கு நீராவியைத் திறந்துவிடுவது அதன் சொந்தக்காரி மிஸஸ் ஃபிராங்கம்தான். இந்த வருடம் அவர் ஒரு போட்டி வைத்தார்.

"பிள்ளைங்க செஞ்ச குட்டி மெஷின்ல எது ரொம்ப நேரம் நிக்காம ஓடுதோ, அந்தப் பிள்ளைங்க வந்து என் ராட்டினத்தைக் கிளப்பலாம். ஓட ஆரம்பிச்சப்புறம் மெஷின் மேல கை பட்டா ஆட்டம் காலி!"

தாம்சினுக்கு நீராவியைத் திறக்கும் அந்தப் பித்தளைப் பிடியின் மேல் ஐந்து வயதிலிருந்தே ஒரு கண். ராட்டினத்தில் ஏறினால்கூடக் குதிரையைப் பார்க்க மாட்டாள். நடுவில் இருக்கும் எஞ்சினையும் அந்தப் பிடியையும்தான் பார்ப்பாள். இன்று அது கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது.

ஒரே ஒரு தடை, டென்சில். அவனுடைய குட்டி ரோடு ரோலர் ஒன்பது நிமிடம் ஓடிவிட்டு இளைப்பாறிக்கொண்டிருந்தது. டென்சில் ஒரு பெரிய இறைச்சிப் பணியாரத்தைக் கடித்துக்கொண்டே வந்தான்.

"என்ன தாம்சின், உன் குதிரைங்க தூங்குதா?"

"இப்பப் பாரு, தூக்கம் உனக்குத்தான் போகப் போகுது."

எமெட் ஸ்பிரிட் விளக்கைப் பற்ற வைத்தான். தண்ணீர் முனகியது. அழுத்தத்தைக் காட்டும் முள் மெல்ல ஏறியது. மணி இரண்டு இருபத்தைந்து.

"தயாரா?" என்றான் எமெட்.

"தயார்!"

அவன் நீராவியைத் திறந்தான். எஞ்சினின் சக்கரம் சுழன்றது. தோல் பட்டை ஓடியது. ராட்டினம் அழகாக அசைந்து, வேகம் பிடித்து...

பின்பக்கமாக ஓடியது.

முப்பது குதிரைகளும் வாலை முன்னால் நீட்டிக்கொண்டு, தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டு, கம்பீரமாகப் பின்வாங்கின.

 கூட்டம் வெடித்துச் சிரித்தது. "ஏய், குதிரைங்களுக்கு வீட்டு ஞாபகம் வந்துடுச்சுடா!" என்று டென்சில் கத்தினான். பணியாரம் அவனுக்குப் புரையேறியது.

மிஸஸ் ஃபிராங்கம் குனிந்து பார்த்தார். "செல்லம், நல்லாத்தான் ஓடுது. ஆனா குதிரை பின்னாடி ஓடுனா நான் கணக்குல எடுக்க முடியாது. என் ராட்டினத்தோட மானம் போயிடும். இன்னும் நேரம் இருக்கு. சரி பண்ணிட்டு மறுபடி ஓட்டுங்க."

எமெட் நீராவியை மூடி விளக்கையும் அணைத்தான். தாம்சினின் முகம் சிவந்துவிட்டது.

"குதிரை எந்தப் பக்கம் ஓடும்னுகூட உனக்குத் தெரியாதா? இடது பக்கம் ஓடணும்!"

"வலது பக்கம்தான் ஓடணும்!" என்றான் எமெட். "நீதான் எல்லாத்தையும் திருப்பி வச்சிருக்க!"

"ராட்டினம் எங்கயாவது வலது பக்கம் ஓடுமா?"

"எங்க ஊர்ல எல்லா ராட்டினமும் வலது பக்கம்தான் ஓடும். நான் பிறந்ததுலேர்ந்து அப்படித்தான் பார்த்திருக்கேன்."

தாம்சின் அவன் முகத்தை உற்றுப் பார்த்தாள். பொய் சொல்லும் முகமாக அது தெரியவில்லை.

"நிஜமாவா?"

"நிஜமா. இங்க வந்தப்புறம் நான் ராட்டினத்துல ஏறவே இல்ல. எனக்குத் தலை சுத்தும்."

இரண்டு வருடமாக ஒன்றாக வேலை செய்தார்கள். பெயிண்டைப் பற்றிப் பேசினார்கள், பசையைப் பற்றிப் பேசினார்கள், பூனையைத் திட்டினார்கள். எந்தப் பக்கம் சுற்ற வேண்டும் என்று மட்டும் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளவே இல்லை. இதையெல்லாமா கேட்பார்கள் என்று இருவருமே நினைத்துவிட்டார்கள்.

"மன்னிச்சுக்க," என்றாள் தாம்சின். "எல்லார் முன்னாடியும் கத்திட்டேன். நீ தப்பா ஒண்ணும் செய்யல."

"நீயும்தான் செய்யல," என்றான் எமெட். "ஆனா குதிரைங்க பின்னாடி ஓடுதே! எஞ்சினை மாத்திச் சுத்த வைக்கணும்னா முழுசாப் பிரிக்கணும். ரெண்டு மணி நேரம் ஆகும். நீ குதிரைங்களைத் திருப்பி வைக்கலாமா?"

தாம்சின் ஒரு குதிரையைத் திருப்பிக் காட்டினாள். வெறும் மரக்கட்டை அவனைப் பார்த்தது.

"ஓ," என்றான் எமெட்.

மணி இரண்டு முப்பத்தைந்து. தாம்சினுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. டென்சில் பார்க்கக் கூடாது என்று மைதானத்தின் மறுபக்கம் திரும்பிக்கொண்டாள்.

அங்கே ஒரு பெரிய நீராவி டிராக்டர் நின்ற இடத்திலிருந்தே கதிரடிக்கும் இயந்திரத்தை ஓட்டிக்கொண்டிருந்தது. இரண்டுக்கும் நடுவே நீளமான பட்டை. வைக்கோல் தூசி பறந்தது. தாம்சின் அழுவதற்காகத்தான் திரும்பினாள். ஆனால் அவளுடைய கண் வேலையை ஆரம்பித்துவிட்டது.

டிராக்டரின் சக்கரம் ஒரு பக்கம் சுற்றியது. கதிரடிக்கும் இயந்திரத்தின் சக்கரம் எதிர்ப்பக்கம் சுற்றியது.

அதெப்படி? அவள் பட்டையை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை பார்த்தாள். நடுவில் அது குறுக்காகப் போட்டிருந்தது. எட்டு என்ற எண்ணைப் படுக்க வைத்த மாதிரி.

"எமெட்! பட்டையை முறுக்கிப் போடு!"

"என்னது?"

"அங்க பாரு! எஞ்சினையும் மாத்த வேண்டாம், குதிரையையும் திருப்ப வேண்டாம். நடுவுல இருக்கிற பட்டையை ஒரு தடவை குறுக்கப் போட்டாப் போதும்!"

எமெட் பார்த்தான். விரலால் காற்றில் எட்டுப் போட்டான். பிறகு துள்ளிக் குதித்தான். தோல் பட்டையைக் கழற்றி, ஒரு முறுக்கு முறுக்கி, மறுபடி சக்கரத்தில் மாட்டப் போனான். எட்டவில்லை. அரை விரல் அளவு போதவில்லை.

"போச்சு!" என்றாள் தாம்சின்.

"போகல," என்றான் எமெட். பையிலிருந்து கையுறையையும் திருகு முடுக்கியையும் எடுத்தான். எஞ்சினைப் பலகையோடு பிடித்திருந்த திருகுகளைத் தளர்த்தி, சூடான எஞ்சினைக் குதிரைகள் பக்கம் மெல்லத் தள்ளி, மறுபடி இறுக்கினான். பட்டை வந்து சிக்கென்று உட்கார்ந்தது.

விளக்கு மறுபடி எரிந்தது. முள் மறுபடி ஏறியது. இரண்டு நாற்பத்து நான்குக்கு எமெட் நீராவியைத் திறந்தான்.

முப்பது குதிரைகளும் தலையை நிமிர்த்தி முன்னால் பாய்ந்தன!

தங்கச் சேணம் மின்னியது. ரோஜாப்பூக்கள் பறந்தன. பட்டை குறுக்கே உரசும் இடத்தில் மட்டும் கீச்சு கீச்சு என்று சத்தம் வந்தது.

"குதிரை கனைக்குது!" என்றது கூட்டத்தில் ஒரு குட்டிப் பையன் குரல். இந்த முறை எல்லாரும் சிரித்தது தாம்சினுக்குப் பிடித்திருந்தது.

ஐந்து நிமிடம் ஓடியது. ஆறு நிமிடம் ஓடியது. ஏழாவது நிமிடத்தில் கடல் பக்கமிருந்து காற்று வந்தது. விளக்கின் சுடர் படுத்துக்கொண்டது. முள் இறங்கியது. குதிரைகளின் ஓட்டம் நடையாக மாறியது.

"கையால மறைக்காத, பட்டுடும்!" என்று எமெட் பதறினான்.

தாம்சின் தன் மழைக்கோட்டை இரண்டு பக்கமும் அகல விரித்துக்கொண்டு மேசையருகே சுவர்போல நின்றாள். ஒரு பக்கக் காற்று நின்றது. மறுபக்கத்திலிருந்து இன்னும் வந்தது.

அங்கே யாரோ ஒருவர் கோட்டை விரித்துக்கொண்டு வந்து நின்றார். பார்த்தால் டென்சில்!

"நீயா? நாங்க ஓடிட்டா நீ தோத்துடுவ, தெரியுமில்ல?"

"தெரியும்," என்றான் டென்சில் முறைப்பாக. "நீங்க தோக்கணும்னா என் ரோலர்கிட்ட தோக்கணும். காத்துகிட்ட இல்ல."

சுடர் எழுந்து நின்றது. முள் ஏறியது. நடை மறுபடி ஓட்டமானது. மிஸஸ் ஃபிராங்கம் கடிகாரத்தை எல்லாருக்கும் கேட்கும்படி படித்தார்.

"எட்டு... எட்டரை... ஒன்பது!"

 குதிரைகள் ஓடின.

"ஒன்பதரை... பத்து!"

முதலில் கை தட்டியது டென்சில்தான். தட்டுவதற்காகக் கோட்டை விட்டுவிட்டு, சட்டென்று நினைவு வந்து மறுபடி விரித்துக்கொண்டான். பதினோராவது நிமிடத்தில் ஸ்பிரிட் தீர்ந்தது. குதிரைகள் மெல்ல, மரியாதையாக, தலை முன்னால் இருக்கவே நின்றன. எமெட் தாம்சினைத் தூக்கப் போனான். முடியவில்லை. இருவரும் புல்லில் விழுந்தார்கள்.

"எழுந்திரிங்க ராசாக்களா, மூணு அடிக்கப் போகுது!" என்றார் மிஸஸ் ஃபிராங்கம்.

பெரிய ராட்டினத்தின் நடுவில் எஞ்சின் கனகனவென்று கொதித்துக்கொண்டிருந்தது. பித்தளைப் பிடி தாம்சினின் கண் முன்னால் பளபளத்தது. பக்கத்தில் விசில் சங்கிலி தொங்கியது. தாம்சின் எமெட்டைப் பார்த்தாள். விட்டுக்கொடுக்க வேண்டுமோ என்று ஒரு கணம் யோசித்தாள். ரொம்பக் கஷ்டமான யோசனை அது.

"பிடியை நீ எடுத்துக்க," என்று எமெட்டே சொன்னான். "எனக்கு விசில்தான் வேணும். உன்கிட்ட சொன்னா நீயும் கேட்டுடுவியோன்னு பேசாம இருந்தேன்."

எமெட் சங்கிலியை இழுத்தான். அந்த விசில் பக்கத்து ஊர்வரை கேட்டிருக்கும். தாம்சின் பிடியை இரண்டு கையாலும் பிடித்து மெல்லத் திறந்தாள். எஞ்சின் ஒரு பெருமூச்சு விட்டது. அவளுடைய உள்ளங்கை அதிர்ந்தது. மூன்று குட்டி வீடுகளின் எடையுள்ள அந்தப் பெரிய ராட்டினம், அவள் சொன்னதைக் கேட்டு அசைந்தது.

முப்பது பெரிய குதிரைகள் இடது பக்கமாகப் பாய்ந்தன. வெளிவரிசைக் குதிரையில் டென்சில் தொப்பியைக் கழற்றி ஆட்டிக்கொண்டே போனான்.

"எப்படி இருக்கு?" என்று இரைச்சலுக்கு மேல் கத்தினாள் தாம்சின்.

எமெட் சங்கிலியை விடாமலே சுற்றும் முற்றும் பார்த்தான். "இந்தப் பக்கம் சுத்துனா எனக்குத் தலை சுத்தவே இல்ல!"

தாம்சின் சிரித்துக்கொண்டே பிடியை இன்னும் கொஞ்சம் திறந்தாள்.