காக்கையின் அலகில் வெள்ளை இறகு

காலை ஆறே முக்காலுக்கு பானுப்பிரியாவின் செல்போன் அலறியது.

சாயல்குடி வட்டாரத்துக் கால்நடை மருத்துவர் அவள். பசு ஏதும் ஈன முடியாமல் தவிக்கிறதோ என்று நினைத்துத்தான் எடுத்தாள்.

"டாக்டரம்மா, மாரியூர்ல மீன் விக்கிற கருத்தம்மா பேசுறேன். கடக்கரையில காக்காயெல்லாம் செத்துக் கெடக்கு."

"எத்தனை?"

"எண்ண முடியல தாயி. இன்னும் விழுந்துக்கிட்டே இருக்கு..."

இருபதாவது நிமிடம் பானுப்பிரியா மாரியூர் மணலில் நின்றாள். முகக்கவசம். இரட்டைக் கையுறை.

அறுபதுக்கு மேல் கிடந்தன. சாகாதவை கழுத்தைத் திருகிக்கொண்டு ஒரே இடத்தில் சுற்றின.

பறவைக் காய்ச்சல்.

ஒரு காக்கையைப் புரட்டினாள். அலகின் ஓரத்தில் வெள்ளை இறகு. தொண்டையில் பாதி விழுங்கிய சதை.

பிராய்லர் கோழி.

"கருத்தம்மா, இந்தப் பக்கம் கோழிப் பண்ணை யாரு வச்சிருக்கா?"

"வேல்ராஜு. வடக்க, கண்மாய்க்கரையில. ஏம்மா?"

"சும்மாதான். இங்கன யாரும் எதையும் தொடாதீங்க."

ஜீப் பறந்தது.

பண்ணை வாசலில் வேல்ராஜ் நின்றிருந்தார். ஐம்பது வயது, மடிப்புக் கலையாத வெள்ளை வேட்டி. அவரைச் சுற்றி நாலு பேர். கையில் சரவெடிக் கட்டுகள். எதிரே கண்மாய்க் கருவேல மரங்களில் நூற்றுக்கணக்கில் நாரைகள், கூடுகளோடு.

"வெடி எதுக்கு?"

"நாரைய வெரட்டப் போறோம் டாக்டரம்மா. காக்கா சாகுதுன்னு கேள்விப்பட்டேன். இந்தப் பரதேசிப் பறவைங்கதான் சீக்கக் கொண்டாந்து எறக்குதுக."

"கூட்டுல குஞ்சு இருக்கு. வெடி போட்டா பெருசெல்லாம் பத்துக் கண்மாய்க்குச் சிதறும். ஒண்ணுக்குச் சீக்கு இருந்தாலும் போதும், அதோட எச்சம் அந்தத் தண்ணியில விழும். அதக் குடிக்கிற வாத்து, கொக்கு, வீட்டுக் கோழி எல்லாத்துக்கும் தொத்தும். ஊர் ஊராப் பரப்புறதுக்கு இதவிட நல்ல வழி இல்ல."

"படிச்சவுக... என்னமோ சொல்றீக."

"உங்க கோழி எங்க?"

கொட்டகை காலி. தரையெல்லாம் புதுச் சுண்ணாம்பு.

"வித்துட்டேன்."

"எண்ணூறு கோழியையும் ஒரே நாள்லயா? எந்த வண்டி வந்துச்சு?"

வேல்ராஜ் வேட்டியை மடித்துக் கட்டினார். அதற்குள் கேட் பக்கமிருந்து ஒரு பெண் ஓடி வந்தாள். மண்டபம் இலங்கை அகதிகள் முகாமிலிருந்து மூன்று பஸ் மாறி வந்தவள். பெயர் தக்சிகா.

"சேர், என்ர மனுசன் எங்க? நாலு நாளா போன் எடுக்கிறார் இல்லை."

"விஜிதரனா? சொல்லாமக் கொள்ளாம ஓடிட்டான். அகதிப் பயலுக்கு வேல குடுத்தது என் தப்பு."

தக்சிகா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பானுப்பிரியாவுக்கு உச்சிக்குச் சுர்ரென்று ஏறியது. வாயைத் திறக்கப் போனாள்.

அப்போதுதான் அது கேட்டது.

இருமல்.

தீவன அறைக்குள்ளிருந்து. கதவில் பெரிய பூட்டு.

"சாவி குடுங்க."

"எலி மருந்து வச்சிருக்கேன். தொறக்கக் கூடாது."

"எலி இருமுமா சார்?"

அவள் காத்திருக்கவில்லை. சுவரோரம் சாய்ந்திருந்த கடப்பாரையை எடுத்தாள். இரண்டு இடி. பூட்டு தெறித்தது.

மூட்டைகளுக்கு நடுவே விஜிதரன் சுருண்டு கிடந்தான். உடம்பு கொதித்தது. பக்கத்தில் பாசி பிடித்த தண்ணீர் டிரம்.

"தக்சிகா... கிட்ட வராத. எனக்குக் காய்ச்சல்."

"என்ன நடந்துச்சு?" பானுப்பிரியா குனிந்தாள்.

"கோழி எல்லாம் ஒரே ராத்திரியில செத்துப்போச்சு. டொக்டருக்குச் சொல்லுவம் எண்டன். சொன்னா பண்ணையை மூடிப்போடுவினம் எண்டார் முதலாளி. கண்மாயின்ர மற்றப் பக்கத் தண்ணிக்குள்ள கொட்டச் சொன்னார். நான் தொடமாட்டன் எண்டு நிண்டன். பழியை நாரையில போடும்வரைக்கும் உள்ளுக்க கிட எண்டு பூட்டிப்போட்டார்."

"அப்ப கொட்டினது யாரு?"

"அவரேதான். வெறுங்கையால. ட்ராக்டர்ல ரெண்டு நடை. கதவு இடுக்கால பாத்தன்."

பானுப்பிரியா திரும்பினாள்.

"மிதந்த கோழியக் காக்கா தின்னுச்சு. தின்ன காக்கா கடக்கரையில செத்துச்சு. கடல்ல இருக்கிற பறவைக்கும் போயிருச்சான்னு இனிமேத்தான் தெரியும். மனுசனாய்யா நீ?"

'சார்' போய்விட்டிருந்தது.

வெடிக் கட்டுகளைக் கீழே போட்டுவிட்டு நாலு பேரும் நழுவினார்கள். போலீஸ் வந்தது. ஆம்புலன்ஸ் வந்தது. பானுப்பிரியா நாரை மரங்களுக்குக் கீழே கிடந்த எச்சத்தையும் குப்பிகளில் அடைத்தாள். ஆம்புலன்ஸில் வந்தவர்கள் விஜிதரன், வேல்ராஜ் இருவர் தொண்டையிலிருந்தும் மாதிரி எடுத்துப் போனார்கள்.

இரண்டு நாள் கழித்து... மாவட்ட மருத்துவமனை.

விஜிதரன் தனி அறையில். கண்ணாடிக்கு வெளியே தக்சிகா. காவலோடு கொண்டுவரப்பட்ட வேல்ராஜ் வராந்தா பெஞ்சில், லேசாக இருமிக்கொண்டு.

"சீக்கு அந்தப் பயலுக்கு. என்னைய எதுக்கு இங்கன உக்காத்தி வச்சிருக்கீக? என் வக்கீலு வாரேன்னு சொல்லியிருக்காரு."

ஆய்வக முடிவோடு பானுப்பிரியா வந்தாள். முதலில் தக்சிகாவிடம் போனாள்.

"உங்க வீட்டுக்காரருக்குப் பறவைக் காய்ச்சல் இல்லம்மா. டைபாய்டு. வாரக்கணக்கா அந்த டிரம் தண்ணியக் குடிச்சதோட வேல. ஊசியில சரியாயிரும்."

தக்சிகா கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதாள். உள்ளே விஜிதரன் கையை உயர்த்தினான்.

வேல்ராஜ் எழுந்து நின்றார்.

"அப்ப அவனுக்கு ஒண்ணுமில்லேல்ல? பெறகென்ன கேசு?"

"உக்காருங்க. உங்களுக்கு இருக்கு."

"என்னது?"

"பறவைக் காய்ச்சல்."

காவலுக்கு நின்ற போலீஸ்காரர் மூன்றடி பின்னால் போனார். வேல்ராஜ் தன் இரண்டு கைகளையும் பார்த்தார்.

"அந்த... அந்த நாரைகிட்ட இருந்துதான் ஒட்டியிருக்கும். அதுகள மொதல்ல வெரட்டுங்க டாக்டரம்மா."

பானுப்பிரியா இன்னொரு தாளைப் பிரித்தாள்.

"நாரைக்கும் டெஸ்ட் எடுத்தாச்சு. சுத்தமா இருக்கு. இனிமே நீங்கதான் அதுங்க பக்கம் போகக் கூடாது."