கிழமைக்கு ஒன்று

காலை ஒன்பது பத்து. கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு தனியார் மருத்துவமனையின் மூன்றாம் மாடி. சத்தியநாராயணன் தன் மனைவியின் கைப்பையைப் பிடுங்கித் தலைகீழாகக் கவிழ்த்தார். சீப்பு, குங்குமச் சிமிழ், கைபேசி எல்லாம் விழுந்த பிறகு ஒரு சின்னக் காகித உறை விழுந்தது. அது காலியாக இருந்தது.

"மூணு மாசத்துக்குன்னு டாக்டர் கொடுத்த பன்னெண்டு மாத்திரை! பன்னெண்டே நாள்ல எங்கடி போச்சு?"

அபிராமி குனிந்து சீப்பையும் சிமிழையும் பொறுக்கினாள். கண்ணாடிக்கு அப்பால் அவளுடைய மாமியார் மெய்யம்மை, வாயெல்லாம் புண்ணாகி, நினைவு தப்பிக் கிடந்தார். மூட்டுவலிக்கு வாங்கிய குளிசை அந்த மாத்திரை. அளவோடு கொடுத்தால் மருந்து, மிஞ்சினால் நஞ்சு. மிஞ்சித்தான் போயிருக்கிறது என்று வார்ட்டு டொக்டர் டில்ஷானி விடிந்ததுமே பொலிசுக்கு அறிவித்திருந்தார்.

வந்தவள் சப் இன்ஸ்பெக்டர் சுபாஷினி. கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவள். யாராவது அழுதால் இரக்கப்படுவதற்கு முன் சந்தேகப்படுகிற பழக்கம் அவளுக்கு உண்டு. அந்தப் பழக்கத்தால் அவள் இதுவரை நட்டப்பட்டதில்லை.

உறையைத் திருப்பிப் பார்த்தாள். 'கிழமைக்கு 1' என்று நீல மையில் முத்து முத்தாக எழுதியிருந்தது.

"குளிசை குடுத்தது ஆர்?"

"நான்தான் மேடம்."

"டொக்டர் எப்பிடிக் குடுக்கச் சொன்னவர்?"

"கிழமைக்கு ஒண்ணு."

"நீங்கள் எப்பிடிக் குடுத்தனீங்கள்?"

"கிழமைக்கு ஒண்ணுதான்."

"அப்ப மிச்சம் எங்க?"

"தீந்துபோச்சு."

"அதெப்பிடித் தீரும்?"

"கொடுத்தா தீராதா மேடம்?"

சுபாஷினிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இவள் ஒன்று அசடு, இல்லாவிட்டால் படு அழுத்தக்காரி. அழுத்தக்காரி என்றே மனசு சொன்னது.

"சத்தியமா ஒரு தடவைகூடத் தவறல மேடம். செவ்வாய், வெள்ளின்னா அத்தை மருந்தே தொட மாட்டேன்னு முரண்டு பிடிப்பாங்க. அப்பவும் கெஞ்சிக் கூத்தாடிக் கொடுத்திருவேன்."

சுபாஷினி அதையும் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டாள். எழுதினாளே ஒழிய, யோசிக்கவில்லை.

சத்தியநாராயணன் தாழ்வாரத்தில் காத்திருந்தார். புறக்கோட்டையில் மொத்த வியாபாரம். பிறந்ததே கொழும்பில்தான்.

"நாலு மாசம் முந்தி காரைக்குடியிலேர்ந்து கட்டிக்கிட்டு வந்தேன். வந்த நாள்லேர்ந்து அம்மாவுக்கும் அவளுக்கும் ஆகல. தனிக்குடித்தனம் போகணும்னு ஒத்தக் கால்ல நின்னா. இப்ப புரியுது எனக்கு."

"குளிசையைப் பற்றி நீங்கள் அவவோட கதைச்சனீங்களோ?"

"எனக்குக் கடையைப் பாக்கவே நேரமில்ல. உறையைப் பாத்தேன், கிழமைக்கு ஒண்ணுன்னு போட்டிருந்தது. சரின்னு விட்டுட்டேன்."

முற்பகல் பதினொன்று நாற்பது. காலி வீதியில் டொக்டர் கிளறன்ஸின் டிஸ்பென்சரி. வாசல்வரை ஆட்கள். அவர் பதிவுப் புத்தகத்தை விரித்துக் காட்டினார். பன்னிரண்டு குளிசை, மூன்று மாதம்.

"எல்லாரும் இங்கிலீஷில கிறுக்குவினம். நான் தமிழில எழுதிக் குடுக்கிறனான், மிஸ். இதைவிட வடிவா என்னெண்டு சொல்லுறது?"

"எவ்வளவு நேரம் கதைச்சனீங்கள்?"

"வெளியில நாப்பது பேர் இருந்தவை."

"அதுக்குப் பிறகு அவை போனில கோல் எடுத்தவையோ?"

"இல்லை." கேள்வி முடியுமுன்னே பதில் வந்துவிட்டது. வந்த பிறகு அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

பிற்பகல் ஒன்றரைக்குச் சுபாஷினி அபிராமியின் கைபேசியைத் தடவிப் பார்த்தாள். குளிசை தொடங்கிய ஒன்பதாம் நாள், டிஸ்பென்சரிக்கு ஓர் அழைப்பு. ஐம்பது விநாடி. டொக்டர் பொய் சொல்லியிருக்கிறார். ஆனால் ஏன்? நஞ்சு வைக்கிறவள் நடுவில் டொக்டரை ஏன் கூப்பிட வேண்டும்? இது நன்றாகவே உறுத்தியது. உறுத்தலை எல்லாம் மேலதிகாரி கேட்பாரா? பின்னேரமே நீதிமன்றத்தில் நிறுத்தச் சொல்லிவிட்டார்.

இரண்டேகால். சுபாஷினி அபிராமியின் எதிரில் உட்கார்ந்தாள்.

"இண்டைக்கு உங்களை ரிமாண்டில வைப்பினம். வழக்கை வாற கிழமை எடுப்பினம்."

அபிராமி நிமிர்ந்தாள். "எந்தக் கிழமை மேடம்?"

"வாற கிழமை எண்டு சொன்னன்தானே."

"அதான், எந்தக் கிழமை? புதனா, வியாழனா?"

சுபாஷினியின் பேனா அப்படியே நின்றது. அவசரமாகக் குறிப்புப் புத்தகத்தைப் பின்னுக்குப் புரட்டினாள். செவ்வாய், வெள்ளி. அதை வாசித்துவிட்டு, மிக மெதுவாகக் கேட்டாள்.

"தங்கச்சி, ஒரு மாசத்தில எத்தினை கிழமை?"

அந்த நிலையிலும் அபிராமிக்கு வியப்பாக இருந்தது. "கிழமை ஏழுதானே மேடம்? மாசத்துக்கு மாசம் மாறுமா என்ன?"

மாலை நான்கு மணி. டில்ஷானியின் அறையில் கிளறன்ஸையும் சத்தியநாராயணனையும் அபிராமியையும் உட்கார வைத்துவிட்டுச் சுபாஷினி நின்றுகொண்டே பேசினாள்.

"எங்களுக்குக் கிழமை எண்டா ஏழு நாள். காரைக்குடியில அதுக்கு வாரம் எண்டுதான் சொல்லுவினம். அங்க கிழமை எண்டா திங்கள் ஒரு கிழமை, செவ்வாய் ஒரு கிழமை. கிழமைக்கு ஒண்டு எண்டவுடன இந்தப் பிள்ளை நாளுக்கு ஒண்டு குடுத்திருக்கு. கிழமைக்கு ஒருக்காக் குடுக்கிறவள் செவ்வாயும் வெள்ளியும் ஏன் கெஞ்சவேணும்? காலமையே சொன்னவள். நான்தான் கவனிக்கேல்லை."

சத்தியநாராயணன் தலையைப் பிடித்துக்கொண்டார். கடையில் கிழமை, வீட்டில் வாரம் என்று இரண்டையும் பேசிப் பழகிய மனுஷன். மனைவிக்கு ஒன்றுதான் தெரியும் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை.

"அப்ப இது ஆற்றையும் குற்றமில்லை," என்றார் கிளறன்ஸ், மூச்சை விட்டபடி.

"முதல் நாள் நடந்தது பிழை, டொக்டர். ஒன்பதாம் நாள் நடந்ததுதான் குற்றம். மாமியின்ரை வாய் வெந்துபோச்செண்டு இவள் கோல் எடுத்தவள். நீங்கள் என்ன கேட்டனீங்கள்?"

கிளறன்ஸ் டில்ஷானியைப் பார்த்தார். அங்கே உதவி கிடைக்கவில்லை.

"கிழமைக்கு ஒண்டுதானே எண்டு கேட்டன். ஓம் எண்டவ. அப்ப பயமில்லை, குடுங்கோ எண்டன்."

"வாய் புண்ணானா எத்தினை குடுத்தனீங்கள் எண்டு எண்ணிப் பார்க்கச் சொல்லுறதுதானே முறை?" என்று டில்ஷானி வெடித்தார். "அண்டைக்கே நிப்பாட்டியிருக்கலாம்!"

"அது உங்களுக்கும் தெரியும், டொக்டர். அதுதான் கோலே வரேல்லையெண்டு சொன்னனீங்கள். இந்தப் பிள்ளை ஜெயிலுக்குப் போனாலும் பரவாயில்லையெண்டு இருந்தனீங்கள்."

கிளறன்ஸ் மறுக்கவில்லை. சுபாஷினி அவரிடம் வாக்குமூலம் எழுதி வாங்கினாள். நீதிமன்றப் பேச்சு அத்தோடு நின்றது. அபிராமி வீட்டுக்குப் போகவில்லை, மாமியாரின் கட்டிலருகே போய் உட்கார்ந்தாள். கணவர் பக்கத்தில் வந்து நின்றார். அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஆறாம் நாள் மெய்யம்மைக்குப் பேச்சு வந்தது. வாக்குமூலத்துக்கு வந்த சுபாஷினி, கடமைக்காக அந்தக் கேள்வியையும் கேட்டாள்.

"அம்மா, கிழமைக்கு ஒண்டு எண்டு டொக்டர் சொன்னா நீங்கள் என்னெண்டு விளங்குவீங்கள்?"

"வாரத்துக்கு ஒண்ணுன்னு," என்றார் மெய்யம்மை, புண் ஆறாத வாயால். "நாப்பது வருஷமா இந்த ஊர்ல இருக்கேன், எனக்குத் தெரியாதா? டாக்டர்கிட்டப் போன அன்னிக்கு நானும் பக்கத்து நாற்காலியிலதான் இருந்தேன். அவரு இவ காதுகிட்டக் குனிஞ்சு மெதுவாப் பேசிட்டு, அடுத்த ஆளக் கூப்பிட்டுட்டாரு. வலி எனக்குத்தானே? என்கிட்ட யாரு பேசினா?"