பவழக்காரத் தெருவில் ஒரு நல்ல சுவர்

"வாங்கம்மா, வாங்க சார். முதல்ல சுவத்தைக் கேட்டுடுங்க. பாத்ரூமெல்லாம் அப்புறம் பாக்கலாம்" என்றான் இளம்பரிதி.

பவழக்காரத் தெருவில் வீடு வாங்க வருகிறவர்கள் இப்போதெல்லாம் குழாயைத் திறந்து பார்ப்பதில்லை. சுவர்ச்செவியோடு வருகிறார்கள். உள்ளங்கை அகலக் கருவி. பேச்சுச் சத்தம் படும்போதெல்லாம் பூச்சின் துகள்கள் துளி நகர்கின்றனவாம். அதைப் படித்து, பூசிய நாள்முதல் அறைக்குள் பேசியதையெல்லாம் ஒப்பித்துவிடும். "இருந்தவங்க நல்லா வாழ்ந்தாங்களா?" என்று அக்கம்பக்கத்தில் துருவி விசாரிக்காமல் நம் ஜனங்கள் என்றைக்கு வீடு வாங்கியிருக்கிறார்கள்? அந்த வேலையை இயந்திரத்திடம் கொடுத்தாகிவிட்டது. சண்டை கேட்ட வீட்டை யாரும் சீந்துவதில்லை.

இளம்பரிதியும் மேகலாவும் இதை விற்றே ஆகவேண்டும். அவர்களுக்கென்று இருப்பது இந்த ஒரு வீடுதான். விற்றுப் பிரித்துக்கொண்டால்தான் விவாகரத்து. பழைய மாளிகையின் முதல் மாடி. தங்கள் சண்டைகள் ஊறிய பூச்சைச் சுரண்டி எறிந்து, புதிதாகப் பூசி, தேக்கு உத்தரங்களுக்கு மெருகேற்றினார்கள். பிறகு ஒரு வருஷம் சுவருக்காகக் குடித்தனம் நடத்தினார்கள். "இன்னொரு தோசை ஊத்தட்டுமா கண்ணா?" என்பாள் மேகலா, கரண்டியை ஓங்கிக்கொண்டு. "நீ குடுத்தா வேணாம்னா சொல்வேன் செல்லம்?" என்பான் அவன், பல்லைக் கடித்துக்கொண்டு. சுவருக்குக் கண் இல்லாதது எவ்வளவு வசதி.

வாங்க வந்த வேதாசலம் சமையலறைச் சுவரில் கருவியை வைத்தார். கண்ணா, செல்லம். கூடத்திலும் அதேதான். படுக்கையறைச் சுவர், "போர்வை போதுமா கண்ணா?" என்று கேட்டது. அவர் மனைவி அம்சவேணி வாயைப் பிளந்தார்.

"ராசியான வீடு. பேரமே வேணாம், முடிச்சிடலாம்" என்றார் வேதாசலம்.

மேகலாவுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. இளம்பரிதி மனசுக்குள் வேறொரு வீட்டில் தனியாகக் குடியேறியே விட்டான்.

அம்சவேணி கணவரின் சட்டையைப் பிடித்து இழுத்தார். "வேணாங்க."

"ஏன், என்ன குறை?"

"ஒரு குறையும் இல்ல, அதான் பயமா இருக்கு. நாம வந்து ஒரு வாரம் பேசினா இந்தச் சுவரு நாசமாயிடும். அப்புறம் நம்மகிட்ட எவன் வாங்குவான்? ஆயுசு பூரா உங்களைக் கண்ணான்னு கூப்பிட என்னால ஆகாது."

வேதாசலம் தன் வாயைப் பற்றிக் கொஞ்சம் யோசித்திருக்க வேண்டும். கருவியை உறைக்குள் போட்டார். "தப்பா எடுத்துக்காதீங்க தம்பி. கொஞ்சம் சண்டை இருக்குற வீடா பாத்துக்கறோம்."

அவர்களுக்குப் பிறகு வந்த குடும்பங்களும் இதையேதான் சொல்லிவிட்டுப் போயின.

ஒரு சின்னச் சண்டை போட்டால் வீடு விற்றுப்போகும் என்று இருவருக்கும் தெரிந்தது. சின்னச் சண்டை போடத்தான் இருவருக்கும் தெரியாது. ஆரம்பித்தால் கல்யாணப் பந்தியில் மாமாவுக்கு வடை வைக்காததில் போய்த்தான் நிற்கும். வீடு கால் காசுக்குத் தேறாது. இளம்பரிதி வாயைத் திறந்தான், மூடினான், மறுபடி திறந்தான்.

"காபி போடட்டுமா செல்லம்?"

"போடு கண்ணா."

சுவர் அதையும் வாங்கிக்கொண்டது. வீட்டை விற்பது இன்னும் கொஞ்சம் கஷ்டமாயிற்று.